குடல் அலசும்போது
காலை வெயில் உணவகத்தின் சமையல்கட்டுக்குள் சாய்ந்து விழுகிறது. அலுமினிய அண்டாவிலிருந்து ஆவி எழும்ப, சமையல்காரி ஆட்டுக்குடலைச் சுடுதண்ணீரில் அலசுகிறாள். எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவளுடைய மோப்பத்தை அடியோடு பறித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து குடல் சுத்தமானதா, மசாலாவின் பச்சை வாசனை போனதா என்றெல்லாம் முகர்ந்து சொல்வது பக்கத்தில் நிற்கும் நாத்தனார்தான். பழைய கைப்பக்குவம் இல்லை என்று சாப்பிட வருகிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை சட்டென்று நிற்கிறது. குனிந்து, ஆவிக்குள் முகத்தைப் புதைத்து, நெஞ்சு நிறைய இழுக்கிறாள். நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "என்ன அண்ணி பண்றீங்க? எனக்குக் குடலைப் பிரட்டுது!" சமையல்காரி நிமிர்கிறாள். கன்னத்தில் வழிவது வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியாது. "நாறுதுடி," என்கிறாள். "அப்படி நாறுதுடி!" நாத்தனாரின் கையிலிருந்து முந்தானை நழுவுகிறது. "நெஜமாவா அண்ணி?" "இன்னும் ரெண்டு தண்ணி அலசணும். அப்புறம்தான் பட்டை, கிராம்பு எல்லாம். இன்னிக்கு நீ மோந்து பார்க்க வேணாம், தள்ளு!" தள்ளச் சொன்னவளே, நாறுகிற ஈரக்கையோடு நாத்தனாரை இறுகக் கட்டிக்கொள்கிறாள். அவளும் விலகவில்லை.