சிம்சோனின் எடை

என் மனைவி ஈவ்லின் எங்கள் நாய் சிம்சோனைத் தூக்கிக்கொண்டு வெயிட் மெஷினில் ஏறி நின்றாள். முள் அறுபத்தொன்பதைக் காட்டியது.

நாய்களை நிறுக்கும் பெரிய மெஷின் ரிப்பேராம். அதனால் டாக்டர் ரோஹிணி ஒரு வழி வைத்திருந்தார். ஆள் நாயோடு ஏற வேண்டியது, அப்புறம் ஆளின் எடையைக் கழிக்க வேண்டியது.

நான்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கனமான எதையும் தூக்காதே என்று சொல்லியிருந்தார்கள். நானும் ஈவ்லின் கொண்டுவந்து தரும் காபி டம்ளருக்கு மேல் எதையும் தூக்குவதில்லை.

சேலையூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது இந்த ஒரு கிளினிக்தான். ஆராதனைக்குப் போகாமல் வந்திருந்தோம். பாஸ்டர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லலாம். யாருக்கு என்று அவர் கேட்கமாட்டார்.

சிம்சோனுக்கு உண்ணிக் காய்ச்சல். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வாக்கிங் போனபோது உண்ணி ஏறியிருக்கிறது. அதன் வழியாகக் கிருமி ரத்தத்தில் புகுந்துவிட்டது. சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போயிற்று, ஈறு வெளுத்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். நான்கு நாளாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஊசியில் மஞ்சள் மருந்தை ஏற்றத் தயாரானார். கிலோ கணக்கு மருந்து. குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் நாயின் மூளையைத் தாக்கும்.

"உங்க வெயிட் எவ்ளோ மேடம்?"

"அறுபத்திரண்டு" என்றாள் ஈவ்லின்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படியும் அறுபத்தைந்து இருப்பாள். எந்த ஊர்ப் பெண்தான் மெஷின் காட்டுவதைச் சொல்லியிருக்கிறாள்?

டாக்டர் கழித்துப் பார்த்தார். ஏழு கிலோ.

மறுபடி நாயைப் பார்த்தார். எங்கள் தெருவின் பாதியைக் காவல் காக்கிற நாய் அது. ஏழு கிலோ என்றால் பொமரேனியன்.

நான் உதவிக்குப் போனேன். "டாக்டர், அவ மூணு கிலோ குறைச்சு சொல்றா. அறுபத்தஞ்சு போட்டுக்கோங்க."

அதன்படி நாய் நான்கு கிலோ. பூனை கூட அதைவிடக் கனமாக இருக்கும்.

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் இருந்தால் அது வேறு திசையில் இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. மெஷின் கோளாறு என்றேன்.

"உத்தேசமா போடுங்களேன்மா" என்றாள் ஈவ்லின்.

"உத்தேசமா இந்த மருந்தைப் போட முடியாது மேடம். ஏழு கிலோவுக்குப் போட்டா இவன் பிழைக்கமாட்டான்."

ஈவ்லின் சிம்சோனை மேசையில் கிடத்தினாள். அவன் தலையை ஒரு முறை தடவினாள். பிறகு தனியாக மெஷினில் ஏறினாள்.

ஐம்பத்தொன்று.

இரண்டு மாதமாகத் தையல் மெஷினில் ஜாக்கெட்டுகளைப் போட்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். இறுக்கமாகிவிட்டது, பிரித்து விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி இரண்டு தடவை கிண்டலும் செய்திருக்கிறேன்.

டாக்டர் பதினெட்டு என்று எழுதினார். சிம்சோனின் தொடையில் ஊசியை இறக்கி, மெதுவாக மருந்தைச் செலுத்தினார். அவன் முனகினான்.

பஞ்சால் அந்த இடத்தை அழுத்தியபடியே, நிமிராமல் டாக்டர் கேட்டார். "நீங்க யாரையாச்சும் பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்துட்டேன்மா. உடனே வந்து அட்மிட் ஆகச் சொன்னாங்க" என்றாள் ஈவ்லின். ஏதோ மளிகைக் கடை விஷயம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "இவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தேறட்டும்னு இருக்கேன்."