மெர்வின் படித்த கடைசி வரிசை

எழுபத்தெட்டாவது வயதில் மெர்வின் ஒரு மோசடிக்குத் தயாரானார். கூட்டாளி, அவர் மனைவி பெவர்லி.

திட்டம் எளிமையானது. எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வருடா வருடம் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் வண்டி ஓட்டலாம். மில்லகுரா ஊருக்கு இருப்பது ஒரே டாக்டர், ஹாரிகன். அவர் அறைச் சுவரில் தொங்குவது ஒரே எழுத்து அட்டை. அதை மனப்பாடம் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

மெர்வினின் கண்கள் கொஞ்ச நாளாகவே அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒன்று ஒரு பக்கம் போனால் மற்றது வேறு பக்கம் போகிறது. தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். டிவியில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டம் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். இல்லாவிட்டால் முப்பத்தாறு பேர் ஆட வேண்டிய மைதானத்தில் எழுபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். ஒருநாள் வீட்டில் இருக்கும் ஒரே நாய்க்கு இரண்டு தட்டில் சோறு வைத்தார். நாய் ஆட்சேபிக்கவில்லை.

லைசென்ஸ் போனால் அவர்களுடைய ஆட்டுப்பண்ணையும் போகும். ஊர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ் கிடையாது. பெவர்லி ஒரே ஒரு முறை வண்டி ஓட்டிப் பழகினார், கோழிக்கூண்டு இன்னமும் சாய்ந்துதான் நிற்கிறது. அப்புறம் சிட்னியில் மகள் வீட்டு மாடி அறைதான் கதி. அங்கே நாயைக் கொண்டுவரக் கூடாது என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பெவர்லி சனிக்கிழமைகளில் கிளினிக்கைச் சுத்தம் செய்பவர். அட்டையிலிருந்த எழுத்துகளை முட்டைப் பெட்டி மூடியில் எழுதிக்கொண்டு வந்தார். பத்து நாள் பயிற்சி நடந்தது. ஆடுகளுக்குத் தீவனம் போடும்போதுகூட மெர்வின் ஒப்பித்துக்கொண்டே இருந்தார்.

"கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கற மெர்வ். டாக்டருக்குச் சந்தேகம் வந்துரும்" என்றார் பெவர்லி. "நான் இருமினா, வேகத்தைக் குறைன்னு அர்த்தம். கடைசி வரிசையில கொஞ்சம் திணறு."

திங்கட்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். மெர்வின் ஓட்ட, பெவர்லி பார்த்தார்.

"இடப்பக்கம் கங்காரு. நின்னுட்டுத்தான் இருக்கு. போ."

கிளினிக்கில் புதுப் பெயின்ட் வாடை தூக்கியடித்தது. டாக்டர் ஹாரிகன் முப்பத்தைந்து வருடமாக அந்த ஊரைக் கட்டி மேய்ப்பவர். தலையை ஒரு பக்கம் சாய்த்து, முயலுக்குக் குறி பார்ப்பவர் போல ஒரு கண்ணைச் சுருக்கி, மெர்வினையே பார்த்தார். மெர்வினுக்கு முதுகில் வியர்த்தது. மனுஷனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"வாப்பா மெர்வ். பெவ், நீயும் உக்காரு. கண்ணெல்லாம் எப்படி இருக்கு?"

"கழுகு மாதிரி, டாக்டர்."

"பாத்துருவோம். மேல இருந்து படி."

சுவரில் வெள்ளையாக இரண்டு சதுரங்கள் மிதந்தன. இரண்டுக்கும் நடுவில் பார்த்து மெர்வின் ஆரம்பித்தார். "ஹெச். அடுத்தது டி, வி. அதுக்குக் கீழ ஓ, எக்ஸ், என்."

பெவர்லி இருமினார். மெர்வின் வேகத்தைக் குறைத்தார்.

பெவர்லி மறுபடியும், இன்னும் பலமாக இருமினார். எழுத்துக்கு எழுத்து ஒரு கொட்டாவி விடும் அளவுக்கு மெர்வின் இடைவெளி விட்டார். அடுத்து கணுக்காலில் ஓர் உதை விழுந்தது. நடிப்பு போதவில்லை போலும் என்று அவர் முன்னால் குனிந்து, புருவத்தை நெரித்தார்.

"கடைசி வரிசை ரொம்பப் பொடிசு டாக்டர். பி, எஃப்... அது கே-யா? இல்ல, ஆர். அப்புறம் இசட்."

டாக்டர் தலையை மறுபக்கம் சாய்த்தார். ஒற்றைக் கண்ணால் சுவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெர்வினை.

"கடைசி எழுத்து என்ன சொன்ன?"

"இ... இசட்."

மெர்வினின் மனக்கண்ணில் மகள் வீட்டு மாடிப்படி தெரிந்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றார் டாக்டர். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ண நான் பாத்ததே இல்ல."

கையெழுத்து போட்டு நீட்டினார். மெர்வின் எழுந்தபோது டாக்டர் அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். அது கன்னத்தில் பட்டு, நகர்ந்து, மூக்கின் ஓரத்துக்கு வந்து நின்றது.

"வெயில் பட்டுப் பட்டு வந்த புள்ளி. இது நல்லதில்ல. வியாழக்கிழமை பத்து மணிக்கு வா, வெட்டி எடுத்துடறேன்."

"தாராளமா டாக்டர்." அப்போதிருந்த சந்தோஷத்தில் மூக்கையே கேட்டிருந்தாலும் மெர்வின் கொடுத்திருப்பார்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவர் சீட்டியடித்தார். "பாத்தியா பெவ்? முப்பத்தஞ்சு வருஷ டாக்டரையே ஏமாத்திட்டேன்."

"நான் எதுக்கு இருமினேன்னு நெனக்கற?"

"வேகத்தைக் குறைக்க."

"வாயை மூடச் சொல்லி. நேத்து பெயின்ட் அடிக்கறதுக்காக அட்டையக் கழட்டிட்டாங்க. வெளிய மேஜைக்குக் கீழ சுருட்டிக் கெடந்துது, கிளம்பி வரும்போது பாத்தேன். அந்த ஆணியில இப்போ கம்பளிக் கம்பெனி காலண்டர் தொங்குது. நீ எழுத்து எழுத்தாப் படிச்சது ஒரு ஆட்டுக்கிடா படத்தை."

மெர்வின் வண்டியை ஓரங்கட்டினார். "டாக்டர் சுவரைப் பாத்துத்தானே சரின்னு சொன்னாரு?"

"அவருக்கும் மனப்பாடம்."

"அடப்பாவி. இதை யார்கிட்டயாவது சொல்லியாகணும்."

"சொல்லேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

மெர்வின் மறுபடி வண்டியைக் கிளப்பினார். கன்னத்தில் தொட்டுத் தடவி மூக்கைத் தேடி வந்த அந்த விரல் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கையில் கத்தி இருக்கும்.