பெரியவனை அடிக்கிறவன்

"துப்புடா, இன்னும் துப்பு! எடை குறையணும்!" என்று விரட்டினார், குத்துச்சண்டைப் பயிற்சியாளரான அண்ணன்.

வறண்ட தொண்டையைக் காறிக் காறித் துப்பினான் சாம்பியன். டம்ளரை ஏந்தி நின்றான் அண்ணியின் தம்பி.

சாம்பியன் பயிற்சிக்கூடத்து எடை மெஷினில் ஏறினான். அறுபத்திரண்டு கிலோ. நாளைய போட்டிக்கு அறுபதைத் தாண்டக் கூடாது.

"மூணு நாள் பட்டினி கிடந்தும் குறையலையே அண்ணே!"

"விடுடா. பட்டத்தைத் துறந்துட்டு மேல் எடைப் பிரிவுக்குப் போ. தன்னைவிடப் பெரியவனை அடிக்கிறவன்தான்டா வீரன். இங்கேயே கிடந்தா கிணத்துத் தவளைன்னுதான் சொல்வாங்க."

அண்ணன் சொல் அவனுக்கு வேதவாக்கு. போட்டி அமைப்பாளர்களுக்கான விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவன், தலைசுற்றி விழுந்தான்.

மருத்துவமனையில் நர்ஸ் எடை பார்த்தாள்.

"ஐம்பத்தொன்பதரை."

"உங்க மெஷின் பொய் சொல்லுது சிஸ்டர்."

"காலையிலதான் சரிபார்த்தோம்."

பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டான். "அண்ணே, நம்ம மெஷின்தான் தப்பு! கடிதத்தைக் கொடுத்துடாதீங்க!"

போனில் அண்ணனுக்குப் பின்னால் அண்ணியின் தம்பி குரல் உற்சாகமாகக் கேட்டது.

"கடிதத்தைக் கொடுத்துட்டேன் மாமா! அவர் இடத்துல நாளைக்கு நான்தான் இறங்கறேன். மெஷின்ல நீங்க ஏத்தி வெச்ச எடையை இறக்குங்க, நான் ஏறிப் பார்க்கணும்!"