எட்டு போல்ட்

'தடால்!'

ஐஸ்கிரீம் கம்பெனியின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று சுவரில் மோதித் தொங்கியது. கடைக்குள் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள்.

"என்னண்ணே, நேத்து மாட்டின போர்டு இன்னைக்கே கழண்டுருச்சு! எட்டு போல்ட் போடற எடத்துல ரெண்டுதான் போட்டீங்களா?"

வாசலில் படுத்திருந்த போர்டு மாட்டுகிறவர் கொட்டாவியோடு எழுந்து ஏணியில் ஏறினார். "காத்தும்மா. முறுக்கிடறேன்."

"புது போர்டுல எதுக்கு இத்தனை ஓட்டை? எலி கடிச்சுதா?"

"இரும்பை எந்த எலிம்மா கடிக்கும்?" என்றவர், "இங்க சீசன் எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"கூட்டம் மூணு மாசம்தான். மத்த மாசம் உள்ளூர் ஆளுங்களே போதும்னு கம்பெனிக்காரர் அடிச்சுச் சொல்றார். பத்து மணிக்கு வந்து ஃபிரான்சைஸ் பத்திரத்துல கையெழுத்து வாங்கறார். இந்தப் பக்கத்துக்கே என்னோடதுதான் முதல் கிளையாம்!"

இரண்டு நாளாகச் சுவரும் தரையும் தேய்த்த களைப்பையும் மீறிச் சிரித்தாள். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினாள்.

"பதினாலு வருஷ ஆபீஸ் வேலை. விடறேன்னு லெட்டர் எழுதிட்டேன். மத்தியானம் மேனேஜர் மூஞ்சியில நீட்டணும்."

அவர் கவரையே பார்த்தார். ஸ்பானரைப் பைக்குள் போட்டுவிட்டு, மெல்ல இறங்கி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டா எப்படிண்ணே? மிச்ச ஆறையும் முறுக்குங்க."

"முறுக்கினா கழட்ட அரை நாள் ஆகுதும்மா. இதே போர்டை இதுவரைக்கும் ஆறு ஊர்ல மாட்டி, சீசன் முடிஞ்சதும் நான்தான் கழட்டியிருக்கேன்."