குப்பை லாரியின் பின்சக்கரம்

பன்னிரண்டு தெருவும் தன்னுடையது என்று செவலை நாய் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். தினமும் தெருவுக்கொரு கம்பமாகக் காலைத் தூக்கிக்கொண்டே ஓடும். ஏழாவது தெருவிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

ஒருநாள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, நாக்குத் தள்ள, பன்னிரண்டாவது தெருவரை போய்விட்டது. அங்கே கரியனின் வாசனை! கரியனோ முதல் தெருவைத் தாண்டாத சோம்பேறி நாய்.

செவலை திரும்பி ஓடிவந்து கேட்டது: “எப்படா அவ்வளவு தூரம் போனே?”

“நான் எங்கேண்ணே போனேன்?” கரியன் கொட்டாவி விட்டது. “குப்பை லாரி இங்கேருந்துதான் எல்லாத் தெருவுக்கும் கிளம்புது. அதோட டயர்ல ஒரே ஒரு தடவை காலைத் தூக்குவேன். மிச்சத்தை லாரி பாத்துக்கும்.”

மறுநாள் விடிந்ததும் செவலை லாரியைத் தேடி ஓடியது. டயருக்கு முன்னால் நாய்கள் நீளமாக வரிசையில் நின்றன.

“கடைசியில போய் நில்லுங்கண்ணே,” என்றது பன்னிரண்டாவது தெரு நாய்.