ஓர் ஓடை, மூன்று பெயர்

"மான் ஓடை, தம்பி. எங்கப்பா, அவங்கப்பா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று அடித்துச் சொன்னார் கொல்லர் டார்க்கில்.

லாக்லனுக்குத் தலை கிறுகிறுத்தது. காலையில்தான் படகுக்கார முர்டோ அதே ஓடையை நாணல் ஓடை என்று சத்தியம் பண்ணியிருந்தான். பாதிரியார் மனைவியோ விட்டத்தைப் பார்த்து வெகுநேரம் யோசித்து, வெள்ளி ஓடை என்றாள்.

ஸ்கை தீவில் மலை, ஓடை ஒன்று விடாமல் அங்கே பேசும் கேலிக் மொழிப் பெயரைக் கேட்டு எழுதி, வரைபடத்துக்குத் தருவது லாக்லனின் வேலை. ஊர்க்காரர் மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் செல்லும். நாளை அதிகாரி வருகிறார். போன ஊரில் சொதப்பியதற்கே செம திட்டு. இந்தத் தடவையும் சொதப்பினால் வேலை போய்விடும்.

"என்னங்க இது? ஊரே சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்களா?"

"சேச்சே! மான் ஓடைதான். முர்டோவுக்குக் காலையிலேயே தண்ணி."

"பாதிரியார் வீட்டம்மாவுக்குமா?"

கொல்லர் வேகவேகமாகத் துருத்தியை ஊதினார். "ஓடையோரத்துல ஒரு வீடு இருக்கும். அங்க மட்டும் போய்க் கேட்டுடாதீங்க. பேயக்குன்னு ஒருத்தி. சிடுமூஞ்சி. ஊர்ல யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டா."

பொய்யர்கள், சரியான பொய்யர்கள் என்று பொருமிக்கொண்டே லாக்லன் நேராக அங்கேதான் போனான்.

பேயக் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததுமே சீறினாள்.

"வாய்யா, படம் போடுறவரே! பேரைத்தான் எல்லாரும் வாய் நிறையச் சொல்லியிருப்பாங்களே, அப்புறம் எதுக்கு இங்க?"

"இல்லம்மா, அது வந்து..."

"எழுதிக்கோ. திருடன் ஓடை! பஞ்சத்துல எங்க பசிக்காக எங்கப்பா ஜமீன் ஆட்டை அடிச்சார். அந்தக் கரையிலதான் பிடிபட்டார். அன்னையிலேருந்து ஊர்ல அதான் பேரு. இனி படத்துலயும் ஏறி, உலகமே படிக்கட்டும். சிரிச்சுக்கிட்டேதானே சொன்னாங்க?"

லாக்லன் விழித்தான். "யாரும் அப்படிச் சொல்லலியேம்மா."

"பொய் சொல்லாத."

"கொல்லர் மான் ஓடைங்கிறார். முர்டோ நாணல் ஓடைங்கிறான். பாதிரியார் வீட்டம்மா வெள்ளி ஓடைங்கிறாங்க. எதை எழுதுறதுன்னே தெரியாம மண்டை காயுது."

"மானா? அங்க முயல்கூட வராதே! நாணல் ஏது, வெறும் பாறை..."

பேயக் உப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லாக்லனுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயால் சொல்லிப் பழகிய பெயர்தான். ஆனால் அழியாத எழுத்தாகிவிடும் என்றதும் யாருக்கும் மனசு வரவில்லை. கலந்து பேசிக்கொள்ளவும் தோன்றவில்லை, ஆளுக்கொன்றாக அளந்துவிட்டிருக்கிறார்கள்!

பேயக் அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

"இப்ப நான் என்னம்மா செய்ய? மூணு பேரும் ஒண்ணைச் சொல்லணுமே" என்றான் லாக்லன் பரிதாபமாக.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"அந்த மூணு பொய்யங்களையும் சாயங்காலம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. உட்கார்ந்து பேசி, ஒரே பொய்யாச் சொல்லட்டும்."