ஒரு மடக்குத் தண்ணீர்

“வாய் விட்டுத் தண்ணி கேட்குறாரு எங்கப்பா. ஒரு மடக்குக் குடுத்தா உனக்கு என்னடி குறைஞ்சு போகும்?”

பாண்டீஸ்வரி போட்ட சத்தத்தில் பழனிசெட்டிபட்டியின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

கட்டிலில் சுருளியாண்டி. எழுபத்திரண்டு வயது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து இருபது நாள் ஆகிறது. பேச்சு குழறினாலும் அவர் தண்ணீர் கேட்பது எல்லோருக்கும் புரிகிறது.

அப்பாவைப் பார்க்க தேவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மகள் பாண்டீஸ்வரி, செம்பில் தண்ணீர் மோந்து அவர் வாயருகே கொண்டு போனாள். மருமகள் உமாதேவி ஓடி வந்து செம்பைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் பாண்டீஸ்வரியின் சேலையில் கொட்டியது.

“வேண்டாம் மதினி.”

“ஏன் வேண்டாம்? டாக்டர் சொன்னாகளா?”

உமாதேவி செம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“இல்ல. நான்தான் வேண்டாங்குறேன்.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பெற்ற அப்பாவுக்கு மகள் தண்ணீர் கொடுப்பதைத் தடுக்க இவள் யார்?

எதிர்வீட்டு சொர்ணலதா சும்மா இருப்பாளா?

“உங்களுக்கு எங்க தெரியும் அக்கா? தினமும் பெரியவரை உக்கார வச்சு, நாக்கை நீட்டுங்க, உள்ள இழுங்க, குனிஞ்சு நாடியை நெஞ்சுல முட்டுங்கன்னு ஆட்டி வைக்கிறா. சாப்பாடுன்னு பாத்தா அரைக் கரண்டி அரைக் கரண்டியா கேப்பைக் கூழு. அதையும் முழுங்குங்க, இன்னொருக்க முழுங்குங்கன்னு அதட்டு வேற.”

“கூழா? மூணு வேளையும் கூழா?” பாண்டீஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “நாப்பது வருசம் வயக்காட்டுல உழைச்ச மனுசன்டி! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தண்ணி குடிச்சா மூத்திரம் போவாரு, துணி துவைக்கணும். அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டுத்தான எங்கப்பா தொண்டையைக் காயப் போடுற?”

தெரு மொத்தமும் உமாதேவியைப் பார்த்தது. இதற்காவது அவள் கோபப்பட்டிருக்க வேண்டாமா?

“அப்படியே வச்சுக்கங்க மதினி,” என்றாள்.

அவ்வளவுதான். பாண்டீஸ்வரி தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள்.

“ஒரு நாள் நீயும் தண்ணி தண்ணின்னு தவிப்படி! அன்னைக்கு உனக்கும் யாரும் ஊத்த மாட்டாக!”

தெருமுனையில், வாயைத் திறக்கவே விடாத அக்கா பாண்டீஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் உமாதேவியின் கணவன் தங்கப்பாண்டி வீட்டுக்குள் நுழைந்தான். வண்டிச் சாவியைத் தூக்கி எறிந்தான்.

“ஏன் உமா உண்மையைச் சொல்லல? தொண்டை சரியா வேலை செய்யல, தண்ணியா எதைக் குடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள்ள போயி உசுருக்கே ஆபத்தாயிரும்னு அந்த தெரபிஸ்ட் அம்மா வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாகல்ல? கெட்டியாக் குடுத்து, பயிற்சியும் குடுத்தாத்தான் மறுபடி தண்ணி குடிக்க வைக்க முடியும்னு சொன்னாகல்ல? அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, திட்டுன தெருவே உன்னையக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்!”

உமாதேவி கட்டில் ஓரமாக உட்கார்ந்து மாமனாரின் தலையை லேசாகக் குனிய வைத்தாள்.

“முழுங்குங்க மாமா. ம், இன்னொருக்க. எங்க, ஆ சொல்லுங்க.”

“ஆ” என்றார் அவர். இருமல் வரவில்லை.

“கேட்குறேன்ல? நாளைக்கே அக்கா திரும்ப வந்து தண்ணியை ஊத்திட்டா என்ன செய்வ?”

“ஊத்த விட மாட்டேன். பக்கத்துலயேதான இருக்கேன்.”

“ஊரு வாயில விழுந்துக்கிட்டேவா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போன வருசம் மதினி வீட்டுக்காரருக்கும் இதே வாதந்தான வந்துச்சு? தாகமாத் தவிக்கிறாரேன்னு மதினிதான் மடியில சாச்சு ஒரு டம்ளர் பால் குடுத்தாக. குடிச்சதும் புரையேறி அங்கனயே உசுரு போயிருச்சு. ‘என் கையால பால் குடிச்சிட்டுத்தான் போனாரு’ன்னு சொல்லிச் சொல்லித்தான் இன்னைக்கு வரைக்கும் மனசைத் தேத்திக்கிட்டு இருக்காக.”

தங்கப்பாண்டி எறிந்த சாவியைக் குனிந்து எடுத்தான்.

“மாமாவுக்கு ஏன் தண்ணி கூடாதுன்னு நான் வாயைத் திறந்தா, தன் புருசனைக் கொன்னது எதுன்னு மதினிக்கு விளங்கிராதா?”